பால் லாரியின் பிளைவீலும் உன் அம்மாவின் சுகமும்

தம்பி,

உன் கடிதம் கைக்கு வந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றே முக்கால் பக்கம் நீ வாங்கிய பழைய லாரியைப் பற்றி. மிச்சத்தில், தபால்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு எழுதியதுபோல, "அம்மா சுகம்தானே?" என்று ஒரே ஒரு வரி. எனக்குக் கோபமில்லை. புது வண்டி வாங்கியவனுக்கும் புதுப் பெண்டாட்டி கட்டியவனுக்கும் வேறு எதுவும் கண்ணில் படாது என்பார்கள். நீ வாங்கியது பழைய வண்டி, அவ்வளவுதான் வித்தியாசம். உன் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது கேள்வியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சுகமா இருக்கேன்னு எழுதுங்க, வேற ஒண்ணும் எழுதிக் கிழிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னபடி எழுதிவிட்டேன்: அம்மா சுகமாக இருக்கிறாள். லாரி விஷயத்தை முடித்துவிட்டு இந்த வரிக்குத் திரும்பி வருவேன். நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பயல். இந்த ஒரு தடவையாவது வரிசையாகப் படி.

ஸ்டார்ட்டரை அமுக்கினால் சில நாள் ஒரே அமுக்கில் பிடித்துக்கொள்கிறது, சில நாள் கர்ர்ரென்று அரைக்கிறது, பட்டறைக்காரர் புது ஸ்டார்ட்டர் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பொறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார். விளக்கு மங்கி, என்ஜின் முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரியைப் பார், இல்லை பேட்டரிக்குப் போகும் கம்பியின் முனையைச் சுரண்டிப் பார். விளக்கு பளிச்சென்று இருக்க, ஸ்டார்ட்டர் மட்டும் சும்மா விர்ரென்று ஓடி, என்ஜின் அசையாமல் கிடந்தால், ஸ்டார்ட்டர் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் முன்னால் நகரவில்லை என்று அர்த்தம். அதை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவு. எண்ணெய் மட்டும் போடாதே, தூசி ஒட்டிக்கொண்டு நாலு நாளில் பழைய குருடியாகிவிடும். நீ சொல்லும் கர்ர்ர் இந்த இரண்டும் இல்லை. அது பல் பல்லைத் தின்னும் சத்தம்.

தின்பது எந்தப் பல் என்பதுதான் கேள்வி. ஸ்டார்ட்டரின் சின்னச் சக்கரமா, என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பிளைவீல் சக்கரத்தில் மாட்டியிருக்கும் பெரிய பல்வளையமா? சின்னச் சக்கரம் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அரைக்கும், அதற்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. சில சமயம் மட்டும் அரைத்தால் கோளாறு பெரும்பாலும் பிளைவீலில். ஏனென்றால் நாலு சிலிண்டர் என்ஜினை நிறுத்தும்போது அது கண்ட இடத்தில் நிற்காது. மாடு தன் கட்டுத்தறிக்குப் போய் நிற்பதுபோல, எதிரும் புதிருமான இரண்டே இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் போய் நிற்கும். அதனால் ஸ்டார்ட்டரும் எப்போதும் அந்த இரண்டு இடத்துப் பற்களையே கடிக்கும். வருஷக்கணக்காகக் கடிபட்டு அந்த இடம் மட்டும் மொட்டையாகிவிடும், மற்ற பற்கள் புதுசுபோல் இருக்கும். என்ஜின் எப்போதாவது கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டால் அன்றைக்கு வண்டி ஒரே அமுக்கில் கிளம்பி உன்னை முட்டாளாக்கும். இது எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்பாய். என்னை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பார்த்தது இந்தக் கோளாறுதான். நீ அப்போது உன் அம்மா வயிற்றில் இருந்தாய்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் மரத்துப் பால் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் முள்வேலி போட்ட லயத்து வரிசை வீடுகளில் நாங்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று வேலைக்காட்டுக்கு ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போக விடமாட்டார்கள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உன் அம்மாவும் மற்றவர்களும் ரப்பர் மரப் பட்டையை வெட்டிப் பால் இறக்கினார்கள். லாரி எந்தத் தடுப்பு வாசலைத் தாண்டினாலும் என்ஜினை நிறுத்த வேண்டும், இறங்கி நிற்க வேண்டும், காவல்காரர்கள் சீட்டுக்கு அடியிலும் பால் டாங்கிக்குள்ளும் குச்சியை விட்டுத் துழாவுவார்கள். பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். மற்ற ஊர் லாரி காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் ஆனால் மாலை வரைக்கும் ஓடும். எங்கள் லாரிக்கு வாசலுக்கு வாசல் ஒரு கடி. அது ஏற்கெனவே பட்டாளத்தார் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட வண்டி. பல் எப்படித் தாங்கும்?

முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றியிருக்கலாமே என்பாய். குண்டு பட்டு ரேடியேட்டர் ஓட்டையாகிவிடக் கூடாது என்று முன்பக்கம் ஒரு இரும்புப் பலகையை வைத்து அடைத்திருந்தார்கள். ஹேண்டில் போடும் ஓட்டையும் அதற்குப் பின்னால் போய்விட்டது. உயிரைக் காக்க வைத்த பலகை என்பதால் அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே நாங்கள் தள்ளினோம். காட்டோரமாக இருந்த கடைசிப் பால் கொட்டகையில்தான் அது அதிகம் மக்கர் பண்ணும். நான் டாப் கியரைப் போட்டுக்கொண்டு உட்கார, பெண்கள் பின்னால் தோள் கொடுத்து ஒரு முழம் தள்ளுவார்கள். பிளைவீல் கொஞ்சம் நகரும், நல்ல பல் வந்து நிற்கும், அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். உன் அம்மா மாசமாக இருந்ததால் அவளைத் தள்ள விடமாட்டார்கள். வண்டி பின்னால் உருளாமல் டயருக்குக் கல் வைப்பது அவள் வேலை. அந்தக் கல்லைக் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பாள், மாமியார் கொடுத்த அம்மிக்கல்லைப்போல.

இதையெல்லாம் தோட்டத்துத் துரையிடமோ கணக்கு எழுதும் கிராணியிடமோ நாங்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஓட்டியவர் கையில் கியர்பாக்ஸ் உடைந்தபோது, ஓட்டத் தெரியாதவன் என்று வேலையை விட்டு நீக்கி, வீட்டையும் காலி பண்ண வைத்துவிட்டார்கள். அவருடைய தட்டுமுட்டுச் சாமான் லயத்து வாசலில் மழையில் நனைந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். அதனால் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் தள்ளுகிற பெண்கள் கலைந்துபோய் வாளி கழுவத் தொடங்கிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. லாரி எப்படி இருக்கிறது என்று மேலே இருந்து யார் கேட்டாலும் நல்லா இருக்கு என்பதே தோட்டத்தின் பதில். அது என் மேல் அவர்களுக்கு இருந்த பாசம்.

ஒரு நாள் பெண்களெல்லாம் போன பிறகு லாரி அரைத்துவிட்டது. ஆள் யாராவது வரட்டும் என்று கொட்டகை ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றேன். வந்தது ஆள் அல்ல, போலீஸ் ரோந்து. அவர்கள் பக்கத்துப் புதரைக் கிளறியதில் ஒரு தகரத்தில் அரிசி அகப்பட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த அரிசியை யார் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பால் லாரி அந்தக் காட்டோரத்தில் காரணமில்லாமல் நெடுநேரம் நிற்கிறது என்று அவர்களுக்கு முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். என்னைத் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். லாரியை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை, சங்கிலி போட்டு இழுத்தார்கள். ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது என்று நான் அதைக் கியரில் விட்டிருந்தேன். அது தெரியாமல் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார, லாரி கொஞ்ச தூரம் உதறிக்கொண்டே வந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன், வாயை மூடச் சொன்னார்கள்.

ரந்தாவ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நடுவயது, சத்தம் போட்டுப் பேசாதவர். ஏன் அங்கே நிற்கிறாய் என்று கேட்டார். ஸ்டார்ட்டர் பிடிப்பதில்லை, தள்ளித்தான் கிளப்புகிறோம் என்றேன். எழுதிக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. நேராக எங்கள் லயத்துக்குப் போய், லாரியில் ஏதாவது கோளாறு உண்டா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோர், லாரி நல்ல லாரி என்றார். தள்ளித் தள்ளித் தோள் காய்த்துப்போன பெண்கள், நாங்கள் ஏன் தள்ளப்போகிறோம் என்றார்கள். கடைசியில் உன் அம்மாவிடம் வந்தார். புருஷன் வேலைக்கு ஆபத்து என்று நினைத்துக்கொண்டு அவள் எல்லோரையும்விட ஒரு படி மேலே போய், இந்த வட்டாரத்திலேயே இதுபோல் லாரி கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என்னைக் காப்பாற்ற ஒரு தோட்டமே சேர்ந்து நின்று என்னைப் பொய்யனாக்கிவிட்டது.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் என்னை வெளியே அழைத்து வந்து நிறுத்தினார். போலீஸ் டிரைவர் ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கினார். லாரி ஒரே அமுக்கில் கிளம்பியது, தம்பி. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை அது அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. துவான், ஐயா, சில சமயம்தான் கோளாறு வரும் என்று சொன்னேன். பொய் சொல்கிறவன் எல்லோரும் சொல்வது அதைத்தான் என்று எனக்கே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்னைத் தடுப்பு முகாமில் அடைப்பார்கள், பிறகு கப்பல். ஆறு வயதில் அப்பா தோளில் கப்பலைவிட்டு இறங்கியவன் நான். இந்தியாவில் எனக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. நீ பிறப்பதை நான் பார்க்க மாட்டேன் என்ற நினைப்பே மண்டையை அடைத்துக்கொண்டது. லாரியை இவ்வளவு அறிந்தவன், அது ஏன் கிளம்பியது என்று ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட முடியாமல் மரம்போல நின்றேன். பயம் வந்தால் படித்ததும் போகும், பழகியதும் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

உன் அம்மா அந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். தோட்டத்திலிருந்து ரந்தாவ் வரைக்கும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தான் சொன்ன நல்ல வார்த்தை என்ன செய்துவிட்டது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காவலுக்கு நின்றவர் தடுத்தார். அவள் அவரைத் தாண்டி இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்றாள். பாதி மலாயும் பாதி தமிழுமாக அவள் பேசியது எனக்கு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"துவான், நேத்து நீங்க கேட்டீங்க, நான் பொய் சொன்னேன். இன்னொரு தடவ கேளுங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தார். பிறகு நேற்றுக் கேட்ட அதே கேள்வியை, அதே நிதானத்தோடு, முதல் தடவை கேட்பவர்போலக் கேட்டார். லாரியில் கோளாறு உண்டா? உண்டு என்றாள். யார் யார் தள்ளுவார்கள், எந்தக் கொட்டகையில், எவ்வளவு தூரம், துரை வந்தால் எப்படிக் கலைவார்கள், கல் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தக் கல்லில் டயர் தடம் கறுப்பாகப் படிந்திருக்கும், ஆளை அனுப்பிப் பாருங்கள் என்றாள். வேலை போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்றும் சொன்னாள். நான் அதுவரைக்கும் அழவில்லை.

அவள் சொன்ன இன்னொரு தடவை என்ற வார்த்தைதான் எனக்குப் புத்தியைத் திருப்பிக் கொடுத்தது. கியரில் இருந்தபடி சங்கிலியில் இழுபட்டு வந்த லாரி அல்லவா? என்ஜின் தன் கட்டுத்தறியை விட்டு நகர்ந்து நின்றிருக்கும். துவான், லாரியையும் இன்னொரு தடவை கேளுங்கள், நிறுத்திவிட்டு அமுக்கச் சொல்லுங்கள் என்றேன். டிரைவர் நிறுத்தினார். என்ஜின் இரண்டு குலுக்குக் குலுக்கி, வழக்கமான இடத்தில் போய் அடங்கியது. திரும்ப அமுக்கினார். கர்ர்ர். மறுபடியும் அமுக்கினார். கர்ர்ர். வாழ்க்கையில் ஒரு வண்டி பழுதானதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதோடும் அவர் விடவில்லை, நல்ல மனுஷன். ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கியரைப் போட்டு, போலீஸ்காரர்கள் லாரியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, பிளைவீல் உள்ளே மெல்லச் சுற்றியது. நல்ல பல், நல்ல பல், பிறகு எலி கொறித்ததுபோல ஒரு இடம். மறுபடி நல்ல பல், அதற்கு நேர் எதிரே இன்னொரு கொறிப்பு. உன் பட்டறைக்காரரையும் இதே மாதிரி பார்க்கச் சொல். மொட்டை இரண்டே இடத்தில் என்றால் ஸ்டார்ட்டருக்குக் காசைக் கரியாக்காதே. கியர்பாக்ஸை இறக்கி, பல்வளையத்தைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடு காட்டிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மாட்டச் சொல். ஆறினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல பற்கள் வேலைக்கு வந்துவிடும், இன்னும் பல வருஷம் ஓடும். அன்றைக்குப் பிறகு எங்கள் பால் லாரிக்கும் சிரம்பானில் அதைத்தான் செய்தார்கள். துரை, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினார், அவ்வளவுதான். எந்த வேலையைக் காப்பாற்ற எல்லோரும் பொய் சொன்னார்களோ, அந்த வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று என்னை விட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் ஸ்டேஷனுக்குப் போய் முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் தன் ஆட்களையே லாரியைத் தள்ளச் சொன்னார். போலீஸ் தள்ளி, உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோட்டத்துக்கு ஓட்டி வந்தேன். நான் லாரியில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் சொன்னது இது: உங்கள் தோட்டத்தில் எல்லோரும் நல்லவர்கள், அதனால்தான் ஒருவர் பேச்சையும் நம்ப முடியவில்லை. வழி நெடுக உன் அம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். லயம் தெரிந்ததும், "இனிமே உங்ககிட்டயும் யார்கிட்டயும் மறைக்க மாட்டேன்" என்றாள்.

அந்த வாக்கை அவள் காப்பாற்றவில்லை, தம்பி. இதை எழுதத்தான் இவ்வளவு நீளமாகச் சுற்றி வந்தேன். கொஞ்ச நாளாக அவள் காய் வாங்கப் பசாருக்குப் போனால் வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு வருகிறாள். கேட்டால் கோழிக்குஞ்சு பார்த்தேன், கூட்டாளியோடு பேசினேன் என்பாள். குடத்தை இடுப்பில் வைப்பதில்லை, தரையில் தள்ளிக்கொண்டு போகிறாள். போன வாரம் கொடியில் துணி போடும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலமாகியிருந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருதயம் பலவீனமாக இருக்கிறது, தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவள், மகன் இப்போதுதான் சொந்தமாக லாரி வாங்கித் தொழில் தொடங்கியிருக்கிறான், அது ஒரு நிலைக்கு வரட்டும், அவனுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், என் பேச்சுக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறமாட்டாள். நீ வந்து சொன்னால் ஏறுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஸ்டேஷன் வாசலில் நின்றபோது இருந்த அதே பயம்.

நீ வருவாய். வந்ததும் வாசலிலேயே, அம்மா சுகம்தானே என்று கேட்பாய். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன் என்பாள். ஒரே அமுக்கில் பதில் வரும், சிரிப்பும் கூடவே வரும். அதைக் கேட்டு நீ நிம்மதியாகத் திரும்பிப் போய்விடாதே. அவள் கொடுப்பதைக் குடி, அவள் பக்கத்தில் உட்கார், கையைப் பிடித்துக்கொள். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இரு. அவள் அடங்கி ஒரு இடத்தில் நிற்கட்டும். பிறகு, முதல் தடவை கேட்பவன்போல, இன்னொரு தடவை கேள்.

லாரியை இப்போது எடுத்து வராதே, வழியில் நின்றாலும் நின்றுவிடும். அது அங்கேயே கிடக்கட்டும். நீ நாளைக் காலைப் பஸ்ஸில் ஏறிவிடு.

நீ வரும் வழியைப் பார்த்துக்கொண்டு,
அப்பா